கதிர்வீச்சும் நம் உடம்பும்: டெல்டா மக்கள் கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்து மக்கள் எக்ஸ்ரே அறை வாசலிலும் ஸ்கேன் சென்டர் பெஞ்சிலும் புற்றுநோய்ப் பிரிவிலும் கேட்கிற கேள்விகளை, அவர்கள் கேட்கிற பேச்சிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். இந்த வேலையிலேயே இருப்பவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவரை, நம் பக்கத்தில் கதிர்வீச்சு பட்டுக் கெட்டவர்களைவிட அதற்குப் பயந்து சிகிச்சையைப் பாதியில் விட்டுக் கெட்டவர்கள்தான் அதிகம். அதே குடும்பங்களில் தலைவலிக்கெல்லாம் சிடி ஸ்கேன் கேட்டு வாங்கி எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. பயம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, வேண்டாத இடத்தில் இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ, வயித்துக்கு எடுக்குற ஸ்கேன்... எல்லாத்துலயும் கதிர் இருக்கா?

இல்லை. எக்ஸ்ரே, சிடி, மார்பகத்துக்கு எடுக்கும் மேமோகிராம், இரத்தக் குழாயைப் பார்க்கும் ஆஞ்சியோ, கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் எலும்பு ஸ்கேன், பெட் ஸ்கேன் இவற்றில் உண்டு. எம்ஆர்ஐ காந்தத்தையும் ரேடியோ அலையையும் வைத்து எடுப்பது. வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கும் ஸ்கேன் ஒலி அலையில் வேலை செய்வது. இந்த இரண்டிலும் நாம் பேசப்போகிற வகைக் கதிர் கிடையவே கிடையாது.

நாம் பேசப்போகிற வகை என்பது ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எறியும் வலு உள்ளது. எக்ஸ்ரே, காமா கதிர், ஆல்பா, பீட்டா, நியூட்ரான் எல்லாம் இதில் சேரும். இதை அயனியாக்கும் கதிர்வீச்சு என்பார்கள். வெளிச்சத்துக்கும் செல்போன் சிக்னலுக்கும் மைக்ரோவேவ் அடுப்புக்கும் அந்த வலு கிடையாது.

அது உடம்புக்குள்ள போய் என்னதான் செய்யுது?

உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். கதிர் பாயும்போது தண்ணீர் மூலக்கூறு உடைந்து, கண நேரமே நிற்கும் துடிப்பான துண்டுகள் உண்டாகின்றன. அவை போய், செல்லுக்குள் மரபுச் செய்தியைத் தாங்கி நிற்கும் டிஎன்ஏ இழையை அறுக்கின்றன. சில சமயம் கதிரே நேராகப் பட்டு அறுப்பதும் உண்டு. இரண்டு இழைகளில் ஒன்று மட்டும் அறுந்தால், எதிர் இழையைப் பார்த்து செல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் சிக்கல். அப்போது செல் செத்துப்போகலாம். அல்லது அறுந்த இழைகளைத் தப்பாக ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கலாம்.

ஒரே சமயத்தில் ஏராளமான செல்கள் செத்தால் அது வெளியே தெரியும். உடம்பு உள்வாங்கும் கதிரின் அளவைக் கிரே என்ற அலகில் சொல்வார்கள். தோல் சிவக்க ஏறக்குறைய 2 கிரே அளவு ஒரே இடத்தில் பட வேண்டும். முடி கொட்ட 3 கிரே. உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் 1 கிரே பட்டால் வாந்தி தொடங்கும். 4 கிரே அளவில், சிகிச்சை இல்லாவிட்டால் பாதிப் பேர் இரண்டு மாதத்துக்குள் இறந்துபோவார்கள். எலும்பு மஜ்ஜை அழிந்து இரத்த அணுக்கள் உற்பத்தியாகாமல் போவதுதான் காரணம். 1986 செர்னோபில் விபத்தில் இப்படிக் கடும் கதிர்நோய் உறுதியானவர்கள் 134 பேர். அவர்களில் 28 பேர் அந்த ஆண்டிலேயே இறந்தார்கள். எக்ஸ்ரே எடுக்கப் போகிறவர்கள் இந்த அளவின் பக்கத்தில்கூட வருவதில்லை.

தப்பாக ஒட்டிக்கொண்ட செல்லின் கதை வேறு. அது பல வருடம் கழித்துப் புற்றாக மாறக்கூடும். இரத்தப் புற்றுக்கு இரண்டு வருடத்திலிருந்து, மற்றக் கட்டிகளுக்குப் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். நமக்கு இது தெரிந்ததே பெரும்பாலும் ஹிரோஷிமா, நாகசாகியில் 1945-ல் தப்பிப் பிழைத்தவர்களை ஆயுள் முழுக்கத் தொடர்ந்து பார்த்ததால்தான். அந்த மக்களிடம் 100 மில்லிசீவர்ட்டுக்கு மேல் அளவு கூடக்கூடப் புற்றும் கூடியது. அதற்குக் கீழே வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்தெடுக்க முடியவில்லை. இருந்தாலும் சின்ன அளவுக்கும் சின்ன ஆபத்து உண்டு என்று வைத்துக்கொண்டுதான் உலகம் முழுவதும் விதி எழுதுகிறார்கள். அது சரியான எச்சரிக்கை என்றே நானும் நினைக்கிறேன். குண்டுவீச்சுக்குப் பிறகு அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளிடம் பரம்பரையாக இறங்கிய கோளாறு எதுவும் கண்டறியப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'எக்ஸ்ரே எடுத்துக்கிட்டா பிறக்குற பிள்ளைக்கு ஊனம் வரும்' என்று கல்யாணம் ஆகாத பெண்களைப் பயமுறுத்துகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

மில்லிசீவர்ட்டுன்னா எவ்வளவு? ஒரு கணக்கு சொல்லுங்க.

உடம்புக்கு ஏற்படும் தீங்கைக் கணக்கிட்டுச் சொல்லும் அலகு சீவர்ட். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிசீவர்ட். யாரும் எந்த ஸ்கேனும் எடுக்காமல், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் காற்றிலிருந்தும் சோற்றிலிருந்தும் வாங்கிக்கொள்வது உலக சராசரியில் வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட். பல் எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.005 அளவில்தான் வரும். மார்பு எக்ஸ்ரே 0.02-லிருந்து 0.1 வரை, மேமோகிராம் 0.4, தலை சிடி 2, மார்பு சிடி 7, வயிற்று சிடி 8 முதல் 10. இயந்திரத்தையும் ஆளின் உடல்வாகையும் பொறுத்து முன்பின் இருக்கும்.

2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது, 'ஒரு சிடி எடுத்தால் 300 எக்ஸ்ரே எடுத்த மாதிரி' என்றும், 'அதெல்லாம் பழைய கணக்கு' என்றும் இரண்டு பேச்சு ஓடியது. 7-ஐ 0.02-ஆல் வகுத்தால் 350, 0.1-ஆல் வகுத்தால் 70. எந்த எக்ஸ்ரேயை வைத்துக் கணக்குப் போடுகிறோம் என்பதில்தான் அந்தச் சண்டையே. எப்படிப் பார்த்தாலும் சிடி என்பது எக்ஸ்ரேக்கு அண்ணன் இல்லை, தாத்தா. அதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

எங்க வீட்டுக்காரருக்கு வாயில புத்து. கரண்ட் வைக்கணும்னு சொல்றாங்க. கரண்ட் வெச்சா உடம்பு கருகிடும், ஆளே போயிடுவாருன்னு சொந்தக்காரங்க சொல்றாங்களே?

வெற்றிலைப் பாக்கோடு புகையிலையை அடக்கிக்கொள்ளும் பழக்கம் உள்ள ஊர்களில் வாய்ப் புற்று நிறைய வருகிறது. அதனால் இந்தக் கேள்வியை நான் அடிக்கடி கேட்கிறேன். அம்மா, முதலில் ஒன்று: அது கரண்ட் இல்லை. மின்சாரம் உடம்பில் பாய்வதில்லை, ஷாக் அடிக்காது, வைக்கும்போது வலிக்காது. லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற இயந்திரத்திலிருந்தோ கோபால்ட் இயந்திரத்திலிருந்தோ வலுவான கதிரைக் கட்டியின் மேல் குறிவைத்துப் பாய்ச்சுகிறார்கள். முகத்துக்கு அச்சு எடுத்து ஒரு வலைக் கவசம் செய்து போடுவார்கள், தலை அசையாமல் இருக்க. உள்ளே இருப்பது சில நிமிடம். அந்த அறைக் கதவு மூடும்போது நோயாளி தனியாக இருப்பார்; நாங்கள் வெளியே கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்போம், பேசலாம், கையைத் தூக்கினால் உடனே நிறுத்துவோம்.

'4 கிரே பட்டால் ஆள் போய்விடுவார் என்கிறீர்கள், இவருக்கு 66 கிரே எழுதியிருக்கிறதே' என்று படித்த பிள்ளைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. 4 கிரே என்றது உடம்பு முழுக்க, ஒரே வீச்சில். இங்கே கட்டியும் அதைச் சுற்றிய இடமும் மட்டும், தினம் 2 கிரே வீதம், சனி ஞாயிறு விட்டு ஆறரை வாரம். இரண்டு தவணைக்கு நடுவில் நல்ல செல்கள் தங்களைச் சரிசெய்துகொள்கின்றன. புற்றுச் செல்களுக்கு அந்தத் திறமை குறைவு. இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் மொத்த சிகிச்சையும் நிற்கிறது.

பக்க விளைவு இல்லை என்று சொல்லமாட்டேன். மூன்றாவது வாரத்தில் வாய் புண்ணாகும், எச்சில் வற்றும், ருசி போகும், கழுத்துத் தோல் கறுக்கும், சோர்வு ஆளை அடித்துப் போடும். அந்த வாரங்களில் ரசம் சோறுகூடக் காந்தும். கஞ்சி, மோர், முட்டை, மசித்த சாப்பாடு என்று எடை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தேவைப்பட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுப்பார்கள். ஆரம்பிக்கும் முன்பே பல் டாக்டரிடம் காட்டி, எடுக்க வேண்டிய பல்லை எடுத்துவிட வேண்டும். கதிர் பட்ட தாடை எலும்பில் பிறகு பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகும் ஆபத்து உண்டு. தோலில் போட்ட குறியை மஞ்சள் தேய்த்து அழித்துவிடாதீர்கள். எண்ணெய், மருந்துப் பத்து எதுவும் அந்த இடத்தில் வேண்டாம். புகையிலையை அன்றைக்கே விட்டாக வேண்டும்; சிகிச்சை நடக்கும்போது புகைப்பவர்களுக்குப் பலன் குறைகிறது.

நடுவுல அறுவடை வருது. ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்து தொடரலாமா?

வேண்டாம். இதைக் கைகூப்பிக் கேட்கிறேன். குறுவை அறுப்பு, பொங்கல், வீட்டில் ஒரு காதுகுத்து, பஸ் மாறிமாறி வரவேண்டிய அலுப்பு என்று எத்தனையோ காரணங்களுக்காக நின்றுவிடுகிறார்கள். வாய் வெந்து கிடக்கும் மூன்றாவது வாரத்தில், 'இதுக்கு மேல தாங்காது' என்று நின்றுவிடுகிறவர்கள் இன்னும் அதிகம். இடைவெளி விடும் ஒவ்வொரு நாளும், மிச்சம் இருக்கும் புற்றுச் செல்கள் முன்னைவிட வேகமாகப் பெருகுகின்றன. கருப்பைவாய்ப் புற்றுக்கு, வெளியிலிருந்து வைப்பதும் உள்ளே வைப்பதும் சேர்த்து மொத்தமும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பது கணக்கு. நின்றுவிட்டு மூன்று மாதம் கழித்து வந்து 'விட்ட இடத்துலேருந்து வைங்க' என்றால் முடியாது. நல்ல செல்கள் தாங்கும் அளவு ஏற்கெனவே பாதி செலவாகியிருக்கும்.

தாங்க முடியவில்லை என்றால் வீட்டுக்குப் போகும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள். வலி மருந்து, வாய்க் கொப்பளிப்பு, குளுக்கோஸ், படுக்கை எல்லாம் இதற்காகத்தான் இருக்கின்றன. பணம்தான் தடை என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. மார்பகப் புற்றுக்கு இப்போது பல இடங்களில் 15 தவணையில், மூன்று வாரத்தில் முடித்துவிடுகிறார்கள். எத்தனை நாள் என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, வயல் வேலையைப் பங்காளியிடம் ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.

அப்பாயிக்கு கரண்ட் வெச்சிட்டு வந்தா பேரப்பிள்ளைய தூக்கக்கூடாதாமே? தட்டு, பாய் எல்லாம் தனியா வெச்சிருக்கோம்.

தட்டை ஒன்றாக வையுங்கள். பிள்ளையை மடியில் போடுங்கள். வெயிலில் நின்றுவிட்டு வருவது வேறு, நாற்றங்காலில் இறங்கிச் சேறு பூசிக்கொண்டு வருவது வேறு. வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் முதல் வகை. இயந்திரம் நின்றதும் அதுவும் நின்றது. உடம்பில் எதுவும் ஒட்டிக்கொண்டு வராது. கருப்பைவாய்க்கு உள்ளே வைக்கும் சிகிச்சையிலும் இப்போது பெரும்பாலும் கதிர் வீசும் சிறு மணியைச் சில நிமிடத்தில் வெளியே எடுத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது வகையும் உண்டு. தைராய்டுப் புற்றுக்கு அயோடின்-131 என்ற கதிரியக்க மருந்தை விழுங்கியவர்களின் வியர்வை, எச்சில், சிறுநீரில் கதிரியக்கம் கொஞ்ச நாள் இருக்கும். அதன் வீரியம் 8 நாளுக்கு ஒருமுறை பாதியாகும். ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்து, அளவு இறங்கிய பிறகே அனுப்புவார்கள். வீட்டிலும் அவர்கள் சொல்லும் நாள்வரை குழந்தைகள், கர்ப்பிணிகளிடமிருந்து தள்ளிப் படுக்க வேண்டும். கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்ற வேண்டும். துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். பால் கொடுக்கும் தாய் முன்கூட்டியே நிறுத்தியாக வேண்டும். பெட் ஸ்கேன், எலும்பு ஸ்கேன் எடுத்தவர்கள் அன்றைக்கு ஒரு நாள் கைக்குழந்தையை அணைத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

தட்டைத் தனியாக வைக்கும் வீட்டில் அந்த மூதாட்டி என்ன நினைப்பார் என்பதையும் யோசியுங்கள். நோயை விட அது வலிக்கும்.

போன மாசம் ஒரு ஊர்ல சிடி எடுத்தோம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா மறுபடி எடுக்கச் சொல்றாங்க. எடுக்கலாமா?

'பழையதை வைத்துப் பார்க்க முடியுமா?' என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. நோய் மாறியிருக்கலாம், மருந்து ஊசி போட்டு எடுக்க வேண்டியிருக்கலாம். அப்படியானால் எடுத்தே ஆக வேண்டும். ஆனால் பல நேரம் மறுபடி எடுப்பதற்கான காரணம் வேறு. மஞ்சள் பையில் மடித்துச் சொருகிய பிலிம், கோடு விழுந்து, மழையில் நனைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். பிரித்தால் படம் உரிந்துபோகும். எழுத்து ரிப்போர்ட் மட்டும் இருக்கும், படம் இருக்காது. அவசரத்தில் டாக்டர் என்ன செய்வார்?

ஆகவே ஸ்கேன் எடுத்த இடத்திலேயே குறுந்தட்டிலோ பென் டிரைவிலோ படத்தைக் கேட்டு வாங்குங்கள். பிலிமை மடிக்காமல், அதன் உறையிலேயே, நிழலான இடத்தில் வையுங்கள். எந்தத் தேதியில் எந்த ஸ்கேன் என்று நோட்டில் ஒரு வரி எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

10 மில்லிசீவர்ட் சிடி ஒன்று, ஆயுளில் உயிர்பறிக்கும் புற்று வரும் வாய்ப்பை ஏறக்குறைய 2,000-ல் ஒன்று என்ற அளவுக்குக் கூட்டுகிறது என்று மதிப்பிடுகிறார்கள். இந்தியர்களில் ஒன்பதில் ஒருவருக்கு எப்படியும் ஆயுளில் புற்று வரக்கூடும் என்கிறது தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு. அதன் முன்னால் 2,000-ல் ஒன்று சிறியது. பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டு வாந்தி எடுப்பவருக்கு, பக்கவாதம் வந்தவருக்கு, அப்பெண்டிக்ஸ் சந்தேகத்துக்கு ஒரு நிமிடம்கூடத் தயங்கக் கூடாது. 'ஃபுல் பாடி செக்கப்' ஆஃபரில் காரணமில்லாமல் எடுப்பதற்கு அந்தச் சிறிய ஆபத்தும் அதிகம்தான்.

குழந்தைகளுக்கு?

கூடுதல் கவனம் வேண்டும். அவர்கள் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. புற்று வெளிப்பட இன்னும் எத்தனையோ வருடம் முன்னால் இருக்கிறது. பிரிட்டனில் சிறுவயதில் சிடி எடுத்த சுமார் 1,80,000 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2012-ல் வந்தது. பத்து வயதுக்குள் தலை சிடி எடுத்த 10,000 பேரில், அடுத்த பத்து வருடத்துக்குள் கூடுதலாக ஒருவருக்கு இரத்தப் புற்றும் ஒருவருக்கு மூளைக் கட்டியும் வரலாம் என்று அதில் மதிப்பிட்டார்கள். அல்ட்ராசவுண்டிலோ எம்ஆர்ஐயிலோ தெரியுமானால் அதையே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சிடிதான் வேண்டும் என்றால் குழந்தை அளவுக்கு இயந்திரத்தைக் குறைத்து வைப்பார்களா என்று கேளுங்கள். அழும் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள யாராவது உள்ளே வரவேண்டும் என்றால், முழுகாமல் இருக்கும் அம்மாவோ சித்தியோ வேண்டாம். அப்பாவோ மாமாவோ ஈய உடுப்புப் போட்டுக்கொண்டு வரட்டும்.

நாள் தள்ளிப்போனது தெரியாம எக்ஸ்ரே எடுத்துட்டேன். கருவைக் கலைச்சிடணுமா?

கலைக்க வேண்டாம். இதில் சந்தேகத்துக்கே இடமில்லாமல் சொல்கிறேன். மார்பு, கை, கால், பல் எக்ஸ்ரேயில் கருவுக்குப் போவது 0.01 மில்லிகிரேக்கும் குறைவு (கிரேயில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகிரே). வயிற்று சிடி எடுத்திருந்தால்கூட பெரும்பாலும் 10 முதல் 25 மில்லிகிரேதான். கருவின் வளர்ச்சியில் கோளாறு உண்டாக்கும் எல்லை 100 மில்லிகிரே. அதற்குக் கீழே கதிர்வீச்சைக் காரணம் காட்டிக் கருக்கலைப்பு செய்வது நியாயமில்லை என்பது சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையத்தின் தெளிவான நிலை. கரு உருவான 8-லிருந்து 15-வது வாரம்வரை மூளை மிக மென்மையானது. அந்தச் சமயத்தில் இடுப்பு சிடியோ கதிர்ச் சிகிச்சையோ நடந்திருந்தால், எடுத்த இடத்தில் அளவு விவரத்தை வாங்கிக்கொண்டு மகப்பேறு டாக்டரிடம் போங்கள். கணக்குப் போட்டுச் சொல்வார்கள்.

இனிமேல் எடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். மாமியார் பக்கத்தில் நிற்கிறார் என்று வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுகிற புதுப் பெண்கள் இருக்கிறார்கள். அதனால் நாங்களும் தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்கிறோம்.

துபாய் வேலைக்கு மெடிக்கல்ல ஒவ்வொரு தடவையும் எக்ஸ்ரே எடுக்குறாங்க. அப்புறம் பிளைட் வேற.

மார்பு எக்ஸ்ரே ஒன்று, சில நாள் வீட்டில் சும்மா இருந்தாலே வாங்கும் அளவுதான். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகும் நான்கு மணி நேரப் பயணத்தில் வானத்துக் கதிர் 0.02 மில்லிசீவர்ட்டுக்குள் அடங்கும். விமான நிலையத்தில் பெட்டியைத்தான் எக்ஸ்ரேயில் விடுகிறார்கள். நீங்கள் நுழைந்து வரும் கதவுச் சட்டம் உலோகத்தைக் கண்டுபிடிப்பது மட்டும். மறைந்திருக்கும் காசநோயை அந்த ஒரு படம் காட்டிக்கொடுத்துப் பிழைத்தவர்கள் பலர்.

தெருவுல டவர் வெச்சதுலேருந்து வீட்டுக்கு வீடு நோயா இருக்கு. எடுக்கச் சொல்லி மனு கொடுக்கப் போறோம்.

மனு கொடுப்பது உங்கள் உரிமை. ஜெனரேட்டர் சத்தம், கட்டடத்தின் பலம் இதற்கெல்லாம் கொடுங்கள். புற்றுக்குக் காரணம் என்று எழுதினால் ஆதாரம் நிற்காது. டவர் அலை டிஎன்ஏவை அறுக்காது. மிக வலுவாகப் பட்டால் சூடாக்கும், அவ்வளவுதான். இந்தியாவில் 2012 செப்டம்பரிலிருந்து, சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று விதி. 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்று ஆய்வு அமைப்பு ரேடியோ அலையைப் 'புற்றுண்டாக்கக் கூடும்' என்ற 2பி பட்டியலில் வைத்தது உண்மை. கற்றாழை முழு இலைச் சாறும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. 2024-ல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுச் செய்யப்பட்ட பெரிய மீளாய்வில் செல்போனுக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு காணவில்லை. மத்திய அரசின் தரங் சஞ்சார் இணையதளத்தில் உங்கள் டவரின் விவரம் பார்க்கலாம், அளந்து காட்டவும் கேட்கலாம்.

கல்பாக்கத்துல ஏதாவது ஆனா நமக்கு வருமா? நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்கு இத்தனை தைராய்டு வர்றது அதனாலதானா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. தைராய்டு குறைவாகச் சுரப்பதற்கு நம் பெண்களிடம் முக்கியக் காரணம், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பியையே தாக்கிக்கொள்வது. கதிர்வீச்சுக்கு அதில் பங்கில்லை.

டெல்டாவில் அணு உலை கிடையாது. கல்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டம், கூடங்குளம் திருநெல்வேலி மாவட்டம். உலையைச் சுற்றி 16 கிலோமீட்டரை அவசரத் திட்டப் பகுதியாக வைத்திருக்கிறார்கள். நாம் அதற்கு வெகு தூரத்தில் இருக்கிறோம். 2004 சுனாமி நாகப்பட்டினத்தை அழித்த அதே காலையில் கல்பாக்கத்தின் பம்ப் அறையிலும் கடல் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது, கதிரியக்கம் வெளியே வரவில்லை. அதற்காக விபத்து நடக்கவே நடக்காது என்று யாரும் சத்தியம் செய்யக் கூடாது. அந்த ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அரசு வெளிப்படையாகப் பதில் சொல்லியாக வேண்டும்.

செர்னோபில் கற்றுத்தந்த பாடம் பாலில் இருந்தது. புல்லில் விழுந்த அயோடின்-131 மாடு வழியாகப் பாலுக்கு வந்து, அதைக் குடித்த பிள்ளைகளின் தைராய்டில் சேர்ந்தது. 2005-க்குள் சிறுவயதில் பாதிக்கப்பட்டவர்களிடம் 6,000-க்கு மேல் தைராய்டுப் புற்று கண்டறிந்தார்கள். சில வாரம் பாலை நிறுத்தியிருந்தால் பெருமளவு தவிர்த்திருக்கலாம். அயோடின் மாத்திரை அந்த ஒரு சுரப்பியை மட்டும் காக்கும், அதுவும் சரியான நேரத்தில் போட்டால். அயோடின் உப்பை அள்ளித் தின்றால் இரத்த அழுத்தம்தான் ஏறும்.

மண்ணுலயே கதிர் இருக்குங்கறாங்களே. நம்ம வண்டல் மண்ணு, உரம், கடல் மணல்?

எல்லா மண்ணிலும் கொஞ்சம் யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் உண்டு. தோரியம் நிறைந்த மோனசைட் மணலுக்குப் பேர்போனவை கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியும் கேரளத்துக் கருநாகப்பள்ளியும். கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், கூடுதல் கதிர் உள்ள வீடுகளில் புற்று கூடவில்லை.

உரத்தைப் பொறுத்தவரை, பொட்டாஷில் இயற்கையான பொட்டாசியம்-40 இருக்கிறது. 50 கிலோ மூட்டை ஒன்றில் நொடிக்கு ஏறக்குறைய 8 லட்சம் அணுக்கள் சிதைகின்றன. கேட்கப் பயமாக இருக்கும். நம் உடம்புக்குள்ளேயே நொடிக்கு 4,000-க்கு மேல் சிதைந்துகொண்டுதான் இருக்கின்றன. அதனால் வருடத்துக்கு 0.2 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவாகவே சேருகிறது. பொட்டாஷ் போட்ட நெல்லைச் சாப்பிடுவதால் இது அதிகமாகாது. உடம்பு தனக்கு வேண்டிய பொட்டாசியத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். மூட்டையைத் தூக்கும் இடுப்புக்குத்தான் ஆபத்து. அடைத்த அறையில் மண்ணிலிருந்து கிளம்பும் ரேடான் வாயு தேங்கும். உலக அளவில் புகைக்கு அடுத்தபடி நுரையீரல் புற்றுக்கு அதுவே காரணம். நம் வீடுகளில் ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும்.

வெயில்?

யாரும் கேட்காத கேள்வி, ஆனால் நம் வயல்காரர்களுக்கு இதுதான் தினசரிக் கதிர். புற ஊதாக் கதிர் கண் வில்லையைக் கெடுத்துக் கண்புரையை முன்கூட்டியே கொண்டுவரும். நடவு வயலில் தேங்கிய தண்ணீர் வெயிலைக் கீழிருந்தும் திருப்பி அடிக்கும். முந்தானையும் துண்டும் தலையைக் காக்கும், கண்ணைக் காக்காது. அகல விளிம்புத் தொப்பி நல்லது. 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று பழைய எக்ஸ்ரே பிலிமைக் கண்ணில் வைத்துப் பார்த்தவர்கள் நிறையப் பேர். அது விழித்திரையைக் காக்காது. பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

ஸ்கேன் சென்டர்ல வேலை பாக்குற பையனுக்குப் பொண்ணு கொடுக்கலாமா?

தாராளமாக. மார்பில் ஒரு பேட்ஜ் குத்தியிருப்பான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பி அளவு பார்ப்பார்கள். ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. முறையாக வேலை பார்ப்பவர்களுக்கு இதில் சிறு பங்குகூட வராது. பேட்ஜ் இல்லாமல், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எக்ஸ்ரே எடுக்கும் இடமாக இருந்தால், அந்த வேலையை விடச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

பழைய இரும்புக் கடை வெச்சிருக்கேன். நான் எதுக்குப் பயப்படணும்?

இந்தப் பக்கத்தில் உண்மையாகப் பயப்பட வேண்டியவர்களில் நீங்கள் ஒருவர். திருச்சிப் பக்கத்துக் கொதிகலன் பட்டறைகளிலும், திருவாரூர், நாகை எண்ணெய்க் குழாய் வேலைகளிலும் வெல்டிங்கைச் சோதிக்க இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள் வைத்த கேமராக்கள் பயன்படுகின்றன. உள்ளே இருக்கும் அந்தக் கதிர்த் துண்டு பென்சில் முனை அளவுதான். அதைச் சில நிமிடம் கையில் வைத்திருந்தாலே பிறகு விரலை இழக்க நேரிடும்.

2010-ல் டெல்லி மாயாபுரியில், ஏலத்தில் வந்த பழைய ஆய்வுக் கருவியை உடைத்தார்கள். உள்ளே கோபால்ட்-60. ஒருவர் இறந்தார், பலருக்கு உடம்பு வெந்தது. 1987-ல் பிரேசிலின் கோயானியாவில் கைவிடப்பட்ட சிகிச்சை இயந்திரத்தைப் பிரித்தபோது, இருட்டில் நீலமாக ஒளிர்ந்த சீசியம் தூளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். நான்கு பேர் இறந்தார்கள், அதில் ஒரு சிறுமி ஆறு வயதுக்காரி.

மஞ்சள் தளத்தில் மூன்று இதழ் விசிறிக் குறி இருந்தாலோ, சின்ன உருளை கைக்கு மீறிக் கனத்தாலோ, ஈயப் பெட்டிக்குள் பெட்டியாக இருந்தாலோ உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள், சட்டைப் பையில் போடாதீர்கள். எல்லோரையும் தள்ளி நிறுத்திவிட்டு 112-க்குக் கூப்பிடுங்கள். யாராவது ஏற்கெனவே தொட்டிருந்தால், அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வாந்தி மட்டும் வரலாம். தோல் சிவந்து கொப்புளம் போட ஒன்றிரண்டு வாரம்கூட ஆகும், அதற்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள். டாக்டரிடம் போகும்போது எந்தத் தேதியில், எந்தப் பொருளை, எந்தக் கையால், எவ்வளவு நேரம் வைத்திருந்தார் என்பதைச் சொல்லுங்கள். அது தெரியாவிட்டால் தீக்காயம் என்று நினைத்துக் களிம்பு கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.